எவர் வீட்டுக் குடும்பம்?

"குடும்பத்தோடு காண வேண்டிய குடும்பச் சித்திரம்!"

சுவரொட்டிகளிலே, நாளேட்டு விளம்பரங்களிலே, தெருத் தெருவாகச் சுற்றி வந்த ஒலிபெருக்கி வண்டிகளிலே, ஒரு தலைமுறைக் காலம் தமிழகம் எங்கும் முழங்கிய முழக்கம் இது. இன்றும் அதன் எதிரொலி ஓயவில்லை. விடுமுறை நாளிலே தொலைக்காட்சியில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று ஓடினால் போதும், "அடடா, அந்தக் காலத்துக் குடும்பப் படம் போல இனி வருமா! ஆபாசம் உண்டா? அடிதடி உண்டா? அண்ணன் தங்கை பாசம் என்ன, மாமனார் மருமகள் பரிவு என்ன!" என்று உருகுகிறார்கள். உருகட்டும். அந்தப் படங்களிலே கண்ணீர் உண்டு, கனிவு உண்டு, கற்கண்டுத் தமிழ் உண்டு. மறுப்பார் யார்?

நான் கேட்பது வேறொரு கேள்வி. குடும்பத்தோடு காண வேண்டியது என்றீர்களே, எவர் குடும்பத்தோடு? திரையிலே காட்டினீர்களே, அது எவர் வீட்டுக் குடும்பம்?

முல்லைப் பெரியாற்றுத் தடுப்பணைக்குப் பக்கத்திலே இருக்கிறது எங்கள் பழனிசெட்டிபட்டி. விடிவதற்கு முன்பே ஜீப்பிலே நெருக்கி அடைத்துக்கொண்டு மலையேறி ஏலக்காய்த் தோட்டத்துக்குப் போகிற பெண்கள் நிறைந்த பள்ளத்தாக்கு எங்களுடையது. வயலில் நாற்று நடுகிறவர், செருப்புத் தைக்கிறவர், தெருக் கூட்டுகிறவர், பறை அடிக்கிறவர், அனைவரும் வாழுகிற பூமி. இவர்களுக்கும் அண்ணன் உண்டு, தங்கை உண்டு. மாமியார் கொடுமையும் உண்டு, மருமகள் மனத்தாங்கலும் உண்டு. பாசத்திலே பங்கு கேட்கும் தகுதி இவர்களுக்கு இல்லையா? 1950களிலும் 1960களிலும் வெளிவந்து வெற்றிமுரசு கொட்டிய குடும்பப் படங்களை வரிசையாக நிறுத்திப் பாருங்கள். மாடிப்படி வளைந்து இறங்கும் மாளிகை, பட்டு அங்கி அணிந்த ஜமீன்தார், பியானோ, மோட்டார் கார். ஏழை வீடு காட்டினாலும், குத்துவிளக்கும் கோலமும் குறையாத, கௌரவம் கெட்டுப்போன, ஒரு காலத்தில் வாழ்ந்து கெட்ட ஏழையின் வீடு! பிறந்தபோதே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவனின் வீடு எங்கே?

ஈழத்துப் பேராசிரியர் கா. சிவத்தம்பி சுட்டிக்காட்டிய உண்மை ஒன்று உண்டு. தமிழர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்து கலை கண்ட முதல் இடம் சினிமாக் கொட்டகைதான் என்றார் அவர். கோயிலுக்குள்ளே இடமில்லை என்று விரட்டப்பட்டவன், கச்சேரி மண்டபத்தின் வாசலைக் கூட மிதிக்க முடியாதவன், கொட்டகைக்குள்ளே நுழைந்தான். உட்காரும் இடத்தைக் காசு தீர்மானித்தது, சாதி தீர்மானிக்கவில்லை. காசுள்ளவன் நாற்காலியில், இல்லாதவன் மணலில். அந்தத் தரை டிக்கெட்டுக் காசு சிறுகச் சிறுகச் சேர்ந்துதான் சென்னையிலே ஸ்டூடியோக்கள் எழுந்தன. ஆக, கொட்டகை திறந்தது, திரை திறக்கவில்லை! காசு கொடுத்தவனை உள்ளே விட்டார்கள். அவன் முகத்தை மட்டும் வெளியே நிறுத்தினார்கள். இதுதான் வழக்கு. இந்த வழக்கிலே நான் வாதி தரப்பு.

"ஏனய்யா, வேலைக்காரன் வருகிறானே, தோட்டக்காரன் வருகிறானே?" என்று எதிர்த்தரப்பு எழும். வருகிறான், எதற்காக வருகிறான் என்று பாருங்கள். 1941-ல் ஏ.வி. மெய்யப்பன் எடுத்த 'சபாபதி' வெளிவந்தது. பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகம். எசமானன் பெயரும் சபாபதி, வேலைக்காரன் பெயரும் சபாபதி. எசமானனாக டி.ஆர். ராமச்சந்திரன், வேலைக்காரனாகக் காளி என். ரத்தினம். வயிறு குலுங்கச் சிரிக்கலாம், நானும் சிரித்தவனே. ஆனால் சிரிப்பின் சூத்திரம் என்ன? எசமானன் அசடு, அவனை விட அசடு வேலைக்காரன். எசமானன் அசட்டுத்தனம் படம் முடிவதற்குள் தீரும், படிப்பான், தேறுவான். வேலைக்காரனின் அசட்டுத்தனமோ அவனுடைய அங்க அடையாளம்! இந்த அச்சிலே வார்க்கப்பட்ட வேலைக்காரர்கள் எத்தனை பேர் பிறகு வந்தார்கள், எண்ணிச் சொல்ல முடியுமா?

அசடாக இல்லாவிட்டால் தியாகியாக இருக்கவேண்டும். 1960-ல் வந்த 'படிக்காத மேதை'யைப் பாருங்கள். சிவாஜி கணேசனின் நடிப்பு நெஞ்சை உருக்கும். ஆதரவற்றவனாக ஒரு செல்வர் வீட்டில் வளர்ந்த ரங்கன், மாடாய் உழைக்கிறான், விரட்டினாலும் விசுவாசம் மாறாமல் நிற்கிறான். நல்லவன்தான். நல்லவன் என்று பெயர் வாங்க ஏழை கொடுக்க வேண்டிய விலை எத்தனை பெரியது! அவன் உள்ளத்திலே ஒரு முறையேனும் கோபம் வரக்கூடாதா?

இந்த விசுவாச ஊழியன் தமிழ் மண்ணில் மட்டும் விளைந்த பயிர் அல்ல. உலகத்துக்கே குடும்பப் படம் என்றால் என்னவென்று கற்றுக்கொடுத்த அமெரிக்காவிலே, வால்ட் டிஸ்னியின் நிறுவனம் 1946-ல் 'சாங் ஆஃப் தி சவுத்' என்ற படத்தை வெளியிட்டது. தோட்டத்து எசமானர் வீட்டு வெள்ளைப் பிள்ளைக்குக் கதை சொல்லிக் களிப்பூட்டும் கறுப்புக் கிழவர் அங்கிள் ரீமஸ். பருத்திக் காட்டிலே கசிந்த குருதி எங்கே, சவுக்கடி எங்கே? எதுவும் இல்லை, பாட்டும் சிரிப்பும் பறவையும் வண்ணமும்தான். அந்தக் கிழவராக நடித்தவர் ஜேம்ஸ் பாஸ்கெட். அட்லாண்டா நகரத்திலே படத்தின் முதல் காட்சி, பெருவிழா. விழா நாயகனுக்கு அந்த நகரத்து விடுதிகளிலே அறை இல்லை, கறுப்பர் என்பதால்! அவர் போகவில்லை. 1948-ல் அவருக்குச் சிறப்பு ஆஸ்கார் விருது கொடுத்தார்கள். சில மாதங்களில் மறைந்தார். அதே அட்லாண்டாவில் 1939-ல் 'கான் வித் தி விண்ட்' படத்தின் முதல் காட்சிக்கு, அதிலே பணிப்பெண்ணாக நடித்த ஹாட்டி மெக்டானியல் வர இயலவில்லை. 1940-ல் ஆஸ்கார் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். விருது வழங்கிய விருந்திலே அவருக்குத் தனி மேசை, சுவரோரம். கையிலே விருது, கண்ணிலே நீர், உட்காரச் சுவரோரம்!

"அமெரிக்காக்காரன் அக்கிரமக்காரன்" என்று உச்சுக் கொட்டுகிறோம் அல்லவா? கொஞ்சம் பொறுங்கள். குமுளி மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே, அட்லாண்டாவுக்கும் பத்து ஆண்டுகள் முன்னதாக, 1920களின் இறுதியிலே ஜே.சி. டேனியல் என்பவர் மலையாளத்தின் முதல் படமான 'விகதகுமாரன்' எடுத்தார். காணாமற்போன பிள்ளையைப் பற்றிய குடும்பக் கதை. கதாநாயகி பி.கே. ரோசி, புலையர் குலத்திலே பிறந்த பெண். திரையிலே ஏற்றதோ நாயர் குலப் பெண்ணின் வேடம். திருவனந்தபுரம் கேப்பிட்டல் கொட்டகையிலே முதல் காட்சி. தான் நடித்த படத்தைக் காண அவளை உள்ளே விடவில்லை. திரையிலே அவள் தோன்றியதும் கல் பறந்தது, திரை கிழிந்தது. அவள் வீட்டுக்குத் தீ வைத்தார்கள். ஊரை விட்டு ஓடித் தமிழ்நாட்டு எல்லைக்குள்ளே வந்து, பெயரை மறைத்து, நடிகை என்பதையே மறைத்து வாழ்ந்து மறைந்தாள். அட்லாண்டாவிலே அறை கிடைக்கவில்லை. இங்கே ஊரே கிடைக்கவில்லை. யார் யாரைப் பார்த்து உச்சுக் கொட்டுவது?

ரோசிக்குக் கிடைத்த கல்லடி தென்னாட்டுப் படமுதலாளிகளுக்கு ஒரு பாடமாகவே அமைந்துவிட்டது போலும். கல்லுக்கு வேலையே வைக்காத ஒரு தந்திரத்தைக் கண்டுபிடித்தார்கள். அதற்கு நான் சூட்டும் பெயர், மச்சம்.

1955-ல் வந்தது 'மிஸ்ஸியம்மா'. எல்.வி. பிரசாத் இயக்கம், ஜெமினி கணேசனும் சாவித்திரியும். சிரிக்கச் சிரிக்க எடுக்கப்பட்ட சிறந்த படம். வேலை கிடைக்க வேண்டும் என்பதற்காக ஓர் இந்து இளைஞனும் மேரி என்ற கிறித்துவப் பெண்ணும் கணவன் மனைவி போல் நடிக்கிறார்கள். நடிப்பு மெய்யாகிறது, காதல் மலர்கிறது. ஆகா, மதத்தின் மதிலைக் காதல் தாண்டப் போகிறது என்று நிமிர்ந்து உட்காருகிறோம். உடனே வருகிறது மச்சம்! துப்பறியும் தங்கவேலு தேடித் தேடி அலைந்த கால் மச்சம், மேரியின் காலில் இருக்கிறது. அவள் மேரி அல்ல, ஜமீன்தார் தொலைத்த மகள் மகாலட்சுமி! திருமணம் இனிது நடக்கும். மதில் இடிந்ததா? இல்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் யாருமே இருக்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள்!

1961-ல் 'பாவ மன்னிப்பு'. ஏ. பீம்சிங்கின் படம், மதவெறியைக் கண்டிக்கும் படம், இந்தியக் குடியரசின் பாராட்டையும் பெற்ற படம். இசுலாமியப் பெரியவர் வளர்த்த பிள்ளை ரஹீம், கிறித்துவர் வளர்த்த பெண் மேரி. பார்ப்பவர் உள்ளத்திலே பண்பு வளரத்தான் செய்யும். ஆனால் ரஹீம் யார்? வைர வியாபாரி ஆளவந்தாரின் சொந்த மகன்! வளர்ப்பினால்தான் ரஹீம், பிறப்பினால் ஆளவந்தார் வீட்டு வாரிசு. முசுலீமாகவே பிறந்த ரஹீம் ஒருவன் நாயகனாக நின்று நம் உள்ளத்தைக் கவர்ந்திருக்கக் கூடாதா? இன்னொன்றையும் கவனித்தீர்களா? மூன்று மதத்துக்கும் இடம் தேடிய அந்தப் பரந்த மனத்திலே, சேரிக்கு ஒரு மூலை கூடக் கிடைக்கவில்லை.

உள்ளம் கொதிக்கும் இடம் இனித்தான் வருகிறது. 1956, சித்திரைத் திருநாளில் வெளிவந்தது 'மதுரை வீரன்'. லேனா செட்டியார் தயாரிப்பு, யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் எழுத்து, எம்.ஜி.ஆர். நாயகன். தமிழகமே திரண்டு கண்ட படம். மதுரை வீரன் யார்? அருந்ததியர் மக்கள் தம் குலக்கொழுந்தென்று கும்பிடுகிற வீரன். பாளையத்து நாயக்கர் மகள் பொம்மியைக் காதலித்துக் கைப்பிடித்தவன்; வெள்ளையம்மாளுக்காக மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். நம் வட்டாரத்து ஊர் எல்லைகளிலே மீசை முறுக்கி, வாள் ஏந்தி, ஒதுங்கி நிற்கிறதே சாமி, அவன்தான். செருப்புத் தைக்கும் குலத்தின் பிள்ளை, அரண்மனைப் பெண்ணை மணந்ததற்காக வெட்டப்பட்டான் என்பதுதான் கதையின் கனல். படத்திலே என்ன செய்தார்கள்? பிள்ளை பிறந்தது காசி ராஜாவின் அரண்மனையிலே! கொடி சுற்றிப் பிறந்தான், நாட்டுக்கு ஆகாது என்று காட்டிலே விட்டார்கள். சக்கிலியர் தம்பதி கண்டெடுத்து வளர்த்தார்கள். வீரம் எங்கிருந்து வந்தது? அரச இரத்தத்திலிருந்து! செருப்புத் தைத்தவர்களுக்குக் கிடைத்த பெருமை பால் ஊட்டியது மட்டுமே.

"கதைப்பாடலிலேயே காசி ராஜா இருக்கிறானே, படம் எடுத்தவர்களைக் குறை சொல்லலாமா?" என்பார்கள் படித்தவர்கள். இருக்கிறான். கல்லூரியைப் பாதியிலே விட்டு மேடை ஏறிய நானும் அதைப் படித்திருக்கிறேன். அந்தக் காசி ராஜா பின்னாளில் வந்து ஒட்டிக்கொண்டவன் என்று வாதாடும் ஆய்வாளர்களும் உண்டு. அருந்ததியர் வீட்டுப் பாட்டிமார்கள் சொல்லும் கதை வேறு என்பதும் உண்டு. இரண்டு கதை கையில் இருந்தது, அய்யா! எதை எடுத்தார்கள் என்பதுதான் என் கேள்வி. அந்தப் படத்தை எடுத்தவர்கள் பத்தாம்பசலிகள் அல்லர். மேடையிலே சாதி ஒழிப்புப் பேச்சு முழங்கிய காலம் அது. அந்தக் காலத்தில், அந்தக் கூட்டத்தின் கண்ணெதிரே, காசி ராஜாவைத் தேர்ந்தெடுத்தார்கள். தரையிலே உட்கார்ந்து விசில் அடித்த அருந்ததியர் வீட்டு இளைஞன், தன் சாமியைத் திரையில் கண்ட களிப்போடு வீடு திரும்பினான். சாமியின் தாயும் தகப்பனும் மாற்றப்பட்டிருந்ததை அவனிடம் யார் சொன்னார்கள்?

அமெரிக்கப் படவுலகம் இதையே சட்டமாக எழுதி வைத்திருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் காதல் கொள்வதாகக் காட்டக்கூடாது என்று 1930-ல் வகுத்த தணிக்கை விதியிலே எழுதி, 1934 முதல் கடுமையாக நடத்தினார்கள். 1956 வரை அந்த விதி நீக்கப்படவில்லை. கறுப்புப் பெண்ணின் கதை என்றால் வெள்ளை நடிகையைத் தேடினார்கள். 1949-ல் 'பிங்கி' படத்திலே ஜீன் கிரெய்ன் அப்படி நடித்தவர். நம் நாட்டிலே அப்படி ஒரு விதி எந்த ஏட்டிலும் இல்லை. எழுதாமலேயே அனைவரும் பின்பற்றினார்கள். எழுதிய விதியையாவது எதிர்த்து வழக்காடலாம். எழுதாத விதியை எந்த நீதிமன்றத்துக்கு இழுப்பது?

மச்சத்துக்கு அடுத்தது மை. இது எங்கள் தேனிக்கு நெருக்கமான சங்கதி.

1962 பொதுத்தேர்தலில் அந்நாளைய தேனித் தொகுதியிலே நின்று வென்றவர் இலட்சிய நடிகர் எஸ்.எஸ். இராசேந்திரன். தேர்தலில் வென்று சட்டமன்றம் புகுந்த முதல் திரைப்பட நடிகர் என்று இன்றும் போற்றப்படுபவர். புராணப் படங்களில் நடிக்கமாட்டேன் என்று நின்ற கொள்கையாளர். அவர் தேனியின் உறுப்பினராக இருந்தபோதே, 1963-ல், ஏ.வி.எம். தயாரித்த 'நானும் ஒரு பெண்' வெளிவந்தது. ஏ.சி. திருலோகச்சந்தர் இயக்கம். ஜமீன்தார் வீட்டுப் பிள்ளைக்கு ஏமாற்றிக் கட்டிவைக்கப்படுகிறாள் கல்யாணி. நிறம் கறுப்பு, படிப்பு இல்லை. அந்த வீடு அவளை எள்ளுகிறது. கறுப்பாகப் பிறந்த பெண்ணின் வேதனையைத் தமிழ்த் திரை அத்தனை நெருக்கமாக அதற்கு முன் பேசியதில்லை. தாய்மார்கள் கொட்டகையிலே தேம்பி அழுதார்கள். தேசிய விருதும் கிடைத்தது. தோழர் ஒருவர் தன் பாட்டி அந்தப் படத்தை ஐந்து முறை பார்த்தாள் என்று சொல்லியிருக்கிறார்; தன் கதையைத் தானே பார்த்திருக்கிறாள் கிழவி. அந்தக் கண்ணீருக்கு நான் தலை வணங்குகிறேன்.

தலை வணங்கிவிட்டுக் கேட்கிறேன்: கல்யாணியாக நடித்தது யார்? விஜயகுமாரி. தேர்ந்த நடிகை, ஐயமில்லை. ஆனால் அவரது முகத்திலே கறுப்பு மை பூசித்தான் கல்யாணியை ஆக்கினார்கள்! அடுத்த ஆண்டு இந்தியிலே எடுத்தார்கள், மீனாகுமாரிக்குப் பூசினார்கள். அதற்கடுத்த ஆண்டு தெலுங்கிலே எடுத்தார்கள், சாவித்திரிக்குப் பூசினார்கள். மூன்று மொழி, மூன்று நாயகி, ஒரே மை டப்பா! சென்னையிலே, ஐதராபாத்திலே, பம்பாயிலே, நடிக்கத் தெரிந்த கறுப்புப் பெண் ஒருத்தி கூடவா பிறக்கவில்லை? கறுப்பிலே குற்றமில்லை என்று வாதாடும் படம், கறுத்த ஒரு பெண்ணைப் படப்பிடிப்புத் தளத்துக்குள் நாயகியாக விடவில்லை. வாதம் திரையிலே, தீர்ப்பு ஒப்பனை அறையிலே!

சரி, கல்யாணி எப்படி வெல்கிறாள்? பொறுமையால், தொண்டால், சேவையால். வெள்ளைத் தோல் மருமகளுக்குச் சும்மா கிடைக்கும் மரியாதையைக் கறுத்த மருமகள் உழைத்துச் சம்பாதிக்க வேண்டும். அங்கிள் ரீமஸ் கதை சொல்லிச் சம்பாதித்தது போல.

இதே காலத்தில் 1961-ல் அமெரிக்காவிலே 'வெஸ்ட் சைட் ஸ்டோரி' வந்தது. போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து வந்த ஏழைகளின் கதை. நாயகியாக, அந்தத் தீவோடு தொடர்பே இல்லாத நடாலி வுட். அந்தத் தீவிலேயே பிறந்த ரீட்டா மோரெனோவும் நடித்தார். அவர் நிறம் போதவில்லையாம், அவருக்கும் பழுப்பு மை பூசினார்கள்! தன்னையே தானாக ஏற்காத கண்ணாடி முன்னே நின்ற கொடுமையை அந்த அம்மையார் பின்னாளிலே வாய் திறந்து சொன்னார். டிஸ்னியின் 1941 'டம்போ'விலே காகங்கள் கறுப்பர் பேச்சுப் பேசும். தலைமைக் காகத்துக்கு வைத்த பெயர் ஜிம் குரோ, நிறவெறிச் சட்டங்களுக்கு வழங்கிய பெயர். குரல் கொடுத்தவர் வெள்ளையர். குரலுக்கும் மை பூசலாம் என்று கண்டவர்கள் அவர்கள்.

என் நாடக ஒத்திகையிலும் இந்த மை டப்பாவோடு மல்லுக்கு நின்றிருக்கிறேன். கறுத்த பையனைக் கண்டதும் "இவனைத் திருடனாகப் போடுங்கள்" என்று சொல்லாத ஊர்ப் பெரியவர் கிடையாது. கள்ளச்சாராயம் காய்ச்சுகிறவன் வேடமா, அவன். நீதிபதி வேடமா, சிவந்தவன். பையன் குரலோ கணீர் என்று ஆற்றுக்கு அக்கரையில் கேட்கும். அவனை நீதிபதியாக்கினால், "பொருத்தமாக இல்லையே" என்று முகம் சுளிக்கிறார்கள். பொருத்தம் என்பதை யார் கற்றுக்கொடுத்தது? ஞாயிற்றுக்கிழமைப் படம்.

"காலம் அப்படி, தம்பி! இன்றைய அளவுகோலால் அன்றையதை அளக்கலாமா?" இதுதான் எதிர்த்தரப்பின் கடைசி அம்பு. காலம் அப்படியே இருக்கவில்லை என்பதற்கு இரண்டு சாட்சிகளை அழைக்கிறேன்.

முதல் சாட்சி, கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன். அறிஞர் அண்ணா திரைக்கதை எழுதிய 'நல்லதம்பி' 1949-ல் வந்தது. அதுவும் ஓர் அமெரிக்கப் படத்தின், ஃபிராங்க் காப்ராவின் 1936 படத்தின், தழுவல்தான். அதிலே கலைவாணர் நிகழ்த்திய 'கிந்தனார்' காலட்சேபத்தை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். நந்தனாரைப் போலச் சேரியிலே பிறந்த கிந்தன். நந்தனைப் போல நெருப்பிலே இறங்கிப் புனிதம் பெற வேண்டியதில்லை, மச்சம் தேவையில்லை, காசி ராஜா தேவையில்லை. ரயில் ஏறினான், பட்டணம் போனான், படித்தான், பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராகத் திரும்பினான்! விரட்டிய ஊரே வரவேற்றது. கிந்தன் கிந்தனாகவே வென்றான். அதே கலைவாணர்தான் ஏழு ஆண்டு கழித்து 'மதுரை வீர'னிலே, மதுரத்தோடு சேர்ந்து, அரச குழந்தையைக் கண்டெடுக்கும் செருப்புத் தைப்பவராக வருகிறார். 1949-ல் முடிந்தது 1956-ல் ஏன் முடியவில்லை? காலம் முன்னே போயிற்றா, பின்னே போயிற்றா?

இரண்டாம் சாட்சி, ஜெயகாந்தன். நமக்கும் அவருக்கும் ஆயிரம் பிணக்கு. மேடையிலே அவர் நம்மைக் கிழித்ததும் உண்டு. சாட்சி உண்மை பேசினால் பகை பார்க்கலாமா? 1965-ல் 'உன்னைப்போல் ஒருவன்' எடுத்தார். சென்னைச் சேரியிலே ஒரு தாய், ஒரு மகன். அவர்களின் வீடு, அவர்களின் பேச்சு, அவர்களின் மானம். மாளிகை இல்லை, பூச்சு இல்லை. தாயும் மகனும் வாழ்கிற கதையை விடக் குடும்பக் கதை உண்டா? மத்திய அரசு விருது கொடுத்தது. கொட்டகைகளோ கதவைத் திறக்கவில்லை. 'குடும்பத்தோடு காண வேண்டிய படம்' என்று அதற்கு எவரும் சுவரொட்டி ஒட்டவில்லை. எடுக்க முடியாமல் இல்லை. எடுத்ததை ஓட்ட மனம் இல்லை!

1967-ல் நடந்ததைப் பாருங்கள். வெள்ளையரும் கறுப்பரும் மணப்பதைத் தடுத்த மாநிலச் சட்டங்களை அமெரிக்க உச்சநீதிமன்றம் அந்த ஆண்டு சூன் மாதம் செல்லாதென்றது. டிசம்பரில் சிட்னி பாய்ட்டியர் வெள்ளை வீட்டின் விருந்து மேசையிலே மாப்பிள்ளையாக அமர்ந்த படம் வந்துவிட்டது. அதே 1967-ல், இங்கே, சுயமரியாதைத் திருமணங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு தந்தது அண்ணாவின் ஆட்சி. புரோகிதரும் சாதிச் சடங்கும் இல்லாத மணம் செல்லும் என்று கோட்டையிலே எழுதியாயிற்று. நம் குடும்பப் படம் என்ன செய்தது? ஐயர் வந்து, அக்கினி வளர்த்து, அதே சாதிக்குள்ளே அதே தாலியைக் கட்டிக்கொண்டிருந்தது!

பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் உடைத்தார்கள். எங்கள் அல்லிநகரத்து மண்ணின் மைந்தர் பாரதிராஜா 1977-ல் '16 வயதினிலே' எடுத்து ஸ்டூடியோ மாளிகையின் கதவைப் பூட்டிவிட்டுத் தெருவுக்கு வந்தார். அதற்கு ஓராண்டு முன்பே பண்ணைப்புரத்து இளையராஜா 'அன்னக்கிளி'யிலே வயற்காட்டுப் பாட்டை வானொலிக்கு ஏற்றியிருந்தார். தமிழ்த் திரைக்குக் காது முதலில் திறந்தது, கண் பிறகு. கண் நன்றாகத் திறக்க 2012 ஆயிற்று, பா. ரஞ்சித்தின் 'அட்டகத்தி' வர. 2018 ஆயிற்று, மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' வர. பரியன் வீட்டிலே தாய் உண்டு, தகப்பன் உண்டு, பாசமும் அவமானமும் உண்டு. முழுக் குடும்பப் படம். ஆனால் அதைச் 'சாதிப் படம்' என்கிறார்கள்! மாளிகை வீட்டுச் சாதியைக் காட்டினால் குடும்பப் படம். சேரி வீட்டுக் குடும்பத்தைக் காட்டினால் சாதிப் படம். என்ன அகராதி, அய்யா, இது!

பழங்கதை பேசி என்ன பயன் என்று கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். முகத்தை வெளுக்க வைப்பதாகச் சொல்லி 1975 முதல் விற்ற களிம்பு, உலகம் காறித் துப்பியதால் 2020-ல் பெயரை மட்டும் மாற்றிக்கொண்டது, விற்பனை நிற்கவில்லை. திருமண விளம்பரத்திலே 'சிவந்த நிறம்' இன்னும் தகுதிச் சான்றிதழ். 2016 மார்ச்சிலே, உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தின் அருகே, சாதி தாண்டி மணந்த இளைஞன் பட்டப்பகலில் வெட்டிச் சாய்க்கப்பட்டான். பக்கத்திலே நின்ற மனைவியும் வெட்டப்பட்டாள். வெட்டியவர்களைச் சினிமா ஏவியது என்று சொல்லமாட்டேன். அவ்வளவு மலிவான வாதம் எனக்கு வேண்டாம். ஆனால் நம்மவர் வீட்டுப் பெண் அவர்கள் வீட்டுக்கு மருமகளாகப் போய், அந்த வீட்டுத் திண்ணையிலே சிரித்துப் பேசி வாழ்கிற காட்சியை, ஒரே ஒரு காட்சியை, முப்பது ஆண்டுக் குடும்பப் படங்கள் காட்டியிருந்தால்? கண்ணால் கண்டு பழகாததைக் கண்டால்தானே மனிதன் அரிவாளைத் தேடுகிறான்!

நான் கேட்பது தடை அல்ல. படச்சுருளைக் கொளுத்து என்று சொல்ல நான் பைத்தியக்காரன் அல்லன். டிஸ்னி நிறுவனம் 'சாங் ஆஃப் தி சவுத்' படத்தை அமெரிக்காவிலே வீட்டு ஒளிப்பேழையாக வெளியிடாமல் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறது. அதையும் நான் ஏற்கவில்லை. பூட்டி வைத்தால் குற்றத்தின் தடயமும் சேர்ந்து மறையும். 2020-ல் 'டம்போ', 'பீட்டர் பான்' போன்ற படங்களின் தொடக்கத்திலே, இதில் மக்களை இழிவாகக் காட்டியிருக்கிறோம், அது அன்றும் தவறு, இன்றும் தவறு என்று அறிவிப்புப் போட்டார்கள். அந்த அளவுக்காவது நம்மவர்களுக்கு முதுகெலும்பு வேண்டும். பழைய படங்களைப் புதுக்கி, மெருகேற்றி, மறுபடி வெளியிடுகிறார்களே, 'மதுரை வீர'னை அப்படி வெளியிடுகிற நாளில், அருந்ததியர் சொல்லும் கதை இது என்று இரண்டு நிமிடம் முன்னுரை ஓட்டட்டும். தொலைக்காட்சிக்காரர்கள் 'நானும் ஒரு பெண்' போடுகிற நாளில், நாயகிக்குப் பூசியது மை என்று ஒரு வரி போடட்டும். 'உன்னைப்போல் ஒருவ'னை ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், குடும்பத்தோடு காணும் நேரத்தில், ஒரு முறை ஒளிபரப்பட்டும்.

அவர்கள் செய்யும் வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. கிளைக்கழகத் தோழர்களிடம் திரைச்சீலை இருக்கிறது, ஒளிப்படக்கருவி இருக்கிறது, தெருமுனை இருக்கிறது. மாதம் ஒரு படம் போடுங்கள். 'நல்லதம்பி'யிலே தொடங்கி, 'மிஸ்ஸியம்மா', 'மதுரை வீரன்', 'நானும் ஒரு பெண்' என்று வாருங்கள். படம் முடிந்ததும் மேடையைப் பேச்சாளர்களிடம் கொடுக்காதீர்கள், என்னிடமும் கொடுக்காதீர்கள். 'மதுரை வீரன்' போடும் இரவில், ஊர்க் கோடியிலே வீரனுக்கு விளக்கேற்றி வைக்கிற பெரியவரை அழைத்து ஒலிபெருக்கியைக் கையில் கொடுங்கள். அவன் தாய் யார், தகப்பன் யார் என்று அவர் சொல்லட்டும். பழனிசெட்டிபட்டித் தோழர்கள் ஆற்றங்கரையோரம் இடம் பார்த்துவிட்டார்கள். தரையிலேதான் உட்கார வேண்டும், டிக்கெட் இல்லை.